அக்கா முகத்தில் இல்லாத தேமல்

தொண்ணூறுகளின் கடைசியில் அக்காவுக்கு ஓர் அமெரிக்க வரன் வந்தது. பையனின் அத்தை கொத்தமங்கலத்தில் இருந்தார். அவர்தான் நடுவில் நின்று பேசினார். தபாலில் போட்டோ போய்ச் சேர நாளாகும், மெயிலில் அனுப்புங்கள் என்றார். மாதா கோயில் திருவிழாவில் எடுத்த படத்தோடு அக்காவும் நானும் காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம்.

ஸ்கேன் செய்ததும் திரையில் அக்கா அச்சு அசலாக இருந்தாள். என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. ஆனால் அந்த பிட்மேப் ஃபைல் பெரிது, மெயிலில் போகாதாம். ஜிஃப் என்ற சின்ன வகை ஃபைலாக மாற்றினார் சென்டர்காரர். நிறங்கள் குறைந்துபோய் கன்னம் திட்டுத்திட்டாகப் பிரிந்தது. வேண்டாம் என்றேன். ஜேபெக் ஆக்கினார், நன்றாகவே வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். இன்னும் சின்னதாக்குகிறேன் என்று தரத்தை இறக்கி இறக்கி, சேமித்ததன் மேலேயே மறுபடி சேமித்தார். குரங்கு கையில் பூமாலை கிடைத்த கதைதான். அக்காவின் முகமெல்லாம் சதுரம் சதுரமாக அழுக்கு படிந்தது.

"சைஸுதான் கொறஞ்சிருக்கு பாப்பா, மொகம் அப்படியேதான இருக்கு?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காதான் "விடுடி" என்று இழுத்துக்கொண்டு வந்தாள். அந்தப் படமே மெயிலில் போனது.

சில நாள் கழித்து அந்த அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தப்பா நெனைக்காதீக. பொண்ணு மூஞ்சியில தேமல் கீமல் இருக்கான்னு கேக்குறாக. மதுரையில தோல் டாக்டர்கிட்ட காட்டி எழுதி வாங்கிட்டா நல்லதாம்."

காபி கொண்டுவந்த அக்கா எதிரிலேயே நிற்கிறாள். துடைத்துவிட்டது போன்ற முகம். அதைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்! நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "அதுக்கென்ன, காட்டிருவோம்" என்றார். பள்ளிக்கூடத்தையே அதட்டி உட்கார வைக்கிற வாத்தியார். பெண்ணைப் பெற்றுவிட்டால் இப்படித்தான் குனிய வேண்டுமா? இன்று நினைத்தாலும் உடம்பு கொதிக்கிறது.

அக்கா உள்ளே போய், மெயிலில் வந்த மாப்பிள்ளை படத்தை எடுத்து வந்து அத்தையின் முன்னால் வைத்தாள். அதே சென்டரில் பிரிண்ட் எடுத்தது. தாடையெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கம் கன்னத்தோடு கரைந்திருந்தது.

"அவுகளையும் வரச் சொல்லுங்க. ரெண்டு பேரும் சேந்தே டாக்டர்கிட்ட காட்டுவோம்."

அத்தை காபியைத் தொடாமல் எழுந்து போனார். அந்தப் படம் ஒரு வாரம் எங்கள் வீட்டு மேசையில்தான் கிடந்தது. வந்தவர் போனவரெல்லாம் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை களையா இருக்காரு" என்றுதான் சொல்லிப் போனார்கள்.