சங்குக் கம்பெனிப் பங்கு

பல் டாக்டர் அதிகம் பேசாதவர். பேசுவதற்கு அவருக்கு வாய்ப்பும் கிடைக்கவில்லை. பங்குச் சந்தை வருஷக்கணக்கில் ஏறிக்கொண்டே போய், இறங்குவதையே மறந்துவிட்ட காலம் அது. நாற்காலியில் சாய்ந்தவர்கள் யாரும் பல்வலியைப் பற்றிப் பேசவில்லை. கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டே பங்கு பேசினார்கள். "துப்புங்க" என்றால், துப்பிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

வீட்டில் மச்சான் தொல்லை. மனைவியின் தம்பி. கணக்கு வாத்தியார் வேலையை உதறிவிட்டு, செல்போனும் கையுமாகப் பங்கு வாங்கி விற்றுக்கொண்டிருந்தான்.

"பல்லைப் பிடுங்கி என்னத்தக் கண்டீங்க அத்தான்? இதுல படுத்துக்கிட்டே சம்பாதிக்கலாம்."

"படுத்திருக்கறவங்ககிட்டதான்டா நானும் சம்பாதிக்கிறேன்."

ஆனாலும் கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும். டாக்டரும் சேமிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தையில் போட்டார். தொட்டதெல்லாம் ஏறியது. தமக்குப் பெரிய மூளை இருப்பதாகவே நம்பத் தொடங்கினார்.

ஒருநாள் டைல்ஸ் கடைக்காரர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்தார். ஊசி போட்டு உதடு மரத்ததும் அவருக்கு ஞானம் பிறந்தது.

"டாக்டர், ஹங்ஹு கங்ஹெனி! கண்ணை ஊடிக்கிட்டு வாங்குங்க."

டாக்டரின் காதில் 'சங்கு' என்று விழுந்தது. தேடினால், ஆலைகளில் வேலை நேரத்துக்கு ஊதும் சங்கைச் செய்யும் கம்பெனி ஒன்று நிஜமாகவே இருந்தது. வாங்கிப் போட்டார். கொஞ்ச நாளில் விலை இரண்டு மடங்காயிற்று.

தையல் பிரிக்க வந்த கடைக்காரருக்கு டாக்டர் நன்றி சொன்னார்.

"சங்கா? நான் பம்புன்னுல்ல சொன்னேன்!"

"ஐயையோ! பம்பு என்ன ஆச்சு?"

"அதுவும் ரெண்டு மடங்கு!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டாக்டரின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது. சரியாகக் கேட்டவனுக்கும் லாபம், தப்பாகக் கேட்டவனுக்கும் அதே லாபமா? கை கழுவிவிட்டுச் சங்குக் கம்பெனிக்கு ஃபோன் போட்டார். எடுத்தவர் காவலாளி.

"சங்கு ஒண்ணு என்ன விலைங்க?"

"சங்கா? கம்பெனியை மூடி ரொம்ப நாளாச்சு சார். உள்ள ஆடு மேயுது."

"பங்கு மட்டும் ஏறுதே?"

"அதுவா! நானும் வெச்சிருக்கேன் சார். வித்துடாதீங்க, இன்னும் ஏறும்."

டாக்டர் மறுநாளே கையிலிருந்த பங்கையெல்லாம் ஒன்று விடாமல் விற்றார். மனசு கேட்காமல் காவலாளிக்கும் சொல்லிப் பார்த்தார். "பயந்த சுபாவமா சார் நீங்க?" என்று பரிவோடு கேட்டார் அந்த மனிதர்.

சந்தை விழவில்லை. மாதக்கணக்கில் மேலும் ஏறியது. சங்கு இன்னொரு மடங்கு. மச்சான் புதுக் கார் வாங்கி, வேண்டுமென்றே கிளினிக் வாசலில் நிறுத்தினான். டாக்டர் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்க ஆரம்பித்தார்.

"வீட்டுல எலி புகுந்துடுச்சுன்னு நெனச்சேன்" என்றாள் மனைவி. "அந்தப் பாழாப்போன சங்கைத் திரும்ப வாங்கித் தொலைங்களேன்!"

"மாட்டேன். ஆடு மேயுது."

"எந்த ஆடு?"

டாக்டர் தம் பற்களுக்குத் தாமே அளவெடுத்து, ரப்பர் உறை ஒன்று செய்து மாட்டிக்கொண்டு படுத்தார்.

பிறகு எந்த விசேஷமும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, சந்தை விழுந்தது. புதன்கிழமையும் விழுந்தது. அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை. 'நான் அப்பவே நெனச்சேன்' என்று ஊருக்கெல்லாம் சொல்ல டாக்டருக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் கேட்க வந்தவர்கள் அத்தனை பேரும் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ராத்திரியெல்லாம் பல்லைக் கடித்தால் தாடை வலிக்காதா? பாவம் என்று பேச்சை விழுங்கிவிட்டு, ஆளுக்கோர் உறை செய்து கொடுத்தார். அந்த ஆண்டு கிளினிக்கில் உட்கார இடமில்லை.

கடைசியாக மச்சான் வந்தான், நடந்து.

"எப்படித் தெரிஞ்சுது அத்தான்?"

"எனக்கு எங்கடா தெரிஞ்சுது? காது சரியாக் கேக்கல, அதான்."

அவனுக்கும் ஓர் உறை செய்தார். காசு வாங்கவில்லை. அவன் பழைய பள்ளிக்கூடத்திலேயே மறுபடி சேர்ந்தான். முதல் பாடம் லாப நஷ்டக் கணக்கு. நஷ்டத்தை மட்டும் வாத்தியார் உருகி உருகி நடத்தினார் என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னார்கள்.