மச்சினன் வண்டியில் மாட்டிய வயல்

2014 மார்ச் 3: அறுவடை இயந்திரம் வாங்கியது, 18,40,000.
2023 ஜனவரி 12: அதை மனைவியின் தம்பிக்கு விற்றது, 6,75,000.

விற்றபோது விவசாயிக்குக் கவலையில்லை. வயலின் எந்த மூலையில் எவ்வளவு விளைந்தது என்று அறுவடையின்போது வண்டியே பதிந்து வைத்த ஒன்பது வருடக் கணக்கையும் பென்டிரைவில் ஏற்றியிருந்தார். ஆனால் அவர் வாங்கிய புது வண்டி வேறு கம்பெனி. அதன் திரையில் அந்தக் கோப்புகள் திறக்கவில்லை. கம்ப்யூட்டரும் கைவிரித்தது. பழைய வண்டியின் திரையில் மட்டுமே திறந்தன.

எந்த மூலைக்கு எவ்வளவு உரம் என்று பார்க்க, மச்சினன் கொட்டகைக்குப் போய் விற்ற வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

"வாங்க மாமா, உங்க வயலு உள்ளதான் இருக்கு. டிக்கெட் எடுத்தீங்களா?"

"சிரிக்காதடா. நிலம் என்னோடது, விளைச்சல் என்னோடது, பூட்டு மட்டும் கம்பெனிக்காரனோடதா?"

"அத அவன்கிட்டயே கேளுங்க."

பழைய வண்டியின் கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். கணக்கு உங்களுடையது, கோப்பின் வடிவம் எங்களுடையது என்று பதில் வந்தது. எங்கும் திறக்கும்படி மாற்றித் தரச் சொல்லி மறுபடியும் எழுதினார். எதையும் விட்டு எழுதிப் பழக்கமில்லாததால், வண்டியை விற்றதையும் அதில் குறிப்பிட்டார்.

மாற்றித் தர இயலாது, வண்டி கைமாறிவிட்டதால் பழைய திரையின் உரிமமும் ரத்தாகிறது என்ற கடைசிக் கடிதம் 2024 மே 9 அன்று வந்தது.