ஏசி போட்டா ஏசுவாங்க

அண்ணனின் காரில் ஏசி உண்டு. போட அனுமதிதான் இல்லை. மும்பை தாராவியில் தோல்பை பட்டறை வைத்திருக்கும் அவருக்கு மைலேஜ் என்றால் உயிர். சனிக்கிழமைகளில் ஃபோர்ட் பகுதியில் ஒரு கடைக்குப் பைகளை இறக்கிவிட்டு, அப்படியே பக்கத்தில் இருக்கும் ஆபீஸுக்குப் போய்விடுவேன். மாலையில் என்னோடு வேலை பார்க்கும் செம்பூர்ப் பெண் காரில் ஏறிக்கொள்வாள்.

வாரம் முழுக்க அந்தப் பயணத்துக்காகக் காத்திருப்பேன். ஆனால் கண்ணாடிகள் இறங்கியிருக்கும். லாரி ஹாரனும் பைக் இரைச்சலும் அவள் பேச்சில் பாதியைத் தின்றுவிடும். அவள் சிரித்தால், எதற்கென்று தெரியாமலே நானும் சிரிப்பேன்.

ஒரு மே மாத மாலையில் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏசி போடேன்?"

"போட்டா அண்ணன் ஏசுவாங்க."

"அண்ணா புதுசா ஏசி வாங்கப் போறாரா? அச்சச்சோ, இது கெட்டுப்போயிடுத்தா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பாலக்காட்டு வழிவந்த அவள் வீட்டில் திட்டுவார்கள். எங்கள் திருநெல்வேலிப் பேச்சில்தான் ஏசுவார்கள். சொன்னதும் டாஷ்போர்டைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "அரே, ஏசி உனக்கு ஒத்துக்காதுன்னு நெனச்சு இத்தனை நாளா சும்மா இருந்தேண்டா!"

அன்றைக்கே இணையத்தில் தேடித் தேடிப் படித்துவிட்டு அண்ணனிடம் போய் நின்றேன்.

"டிராஃபிக்ல ஊர்ந்தா ஏசி பெட்ரோலக் குடிக்கும், சரிதாண்ணே. ஆனா ஃப்ரீவேல வேகமாப் போகையில கண்ணாடி தொறந்திருந்தா, காத்து உள்ள பூந்து வண்டியப் பிடிச்சு இழுக்கும். அதுக்கு மூடிட்டு ஏசி போடுறது மேலு."

"ஃப்ரீவேல போயி, செம்பூர் சுத்தி தாராவிக்கு வாறதுல எங்க லே மிச்சம்?" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "சரி, ஃப்ரீவேல மட்டும். போ லே."

அடுத்த சனிக்கிழமைக்குள் அவளுக்கு பெங்களூரில் வேலை உறுதியாகிவிட்டது. அந்தச் சனிக்கிழமைதான் எங்கள் கடைசிப் பயணம்.

ஃப்ரீவே ஏறியதும் கண்ணாடிகளை ஏற்றி ஏசியைப் போட்டேன். ஊர் முழுக்க வாயை மூடிக்கொண்டதுபோல் இருந்தது. வளையலை அவள் மேலே தள்ளிவிடும் சத்தம்கூடக் கேட்டது. பெங்களூரில் பார்த்திருக்கும் அறையைப் பற்றி, அங்கே ராத்திரியில் ஃபேனே வேண்டாமாம் என்பதைப் பற்றியெல்லாம் சொன்னாள். "நீயும் அங்க வேலை தேடேன்" என்றாள். விளையாட்டாகச் சொன்னாளா என்று இன்றுவரை அந்தக் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன். பதிலை நான் தேடி எடுப்பதற்குள், குளிர்ச்சியில் அவள் கண்ணயர்ந்துவிட்டாள்.

வேகமாகப் போனால்தான் நான் அண்ணனிடம் சொன்னதற்கு நியாயம். இடது ஓரத்துக்கு ஒதுங்கி, பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடிக்க அடிக்க, மெதுவாகவே ஓட்டினேன். அப்படியும் செம்பூர் வந்துவிட்டது. அவள் வீட்டுக் கட்டடத்தின் முன் நிறுத்தினேன். எழுப்ப மனம் வரவில்லை. ஓரிடத்திலேயே நின்று பெட்ரோலை எரித்தபடி, எஞ்சினும் ஏசியும் ஓடிக்கொண்டிருந்தன.