ட்வைலா டீச்சரின் மஞ்சள் பூ

ட்வைலா உன்ரூவை எனக்குப் பிடிக்கும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இனி நான் சொல்வதைக் கேட்டு யாரும் நம்பமாட்டார்கள். என் வீட்டுக்காரர் செத்தபோது மூன்று வாரம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் அவள். ஒவ்வொரு பாத்திரத்திலும் தேதி எழுதி ஒட்டியிருந்தாள். பனி கொட்டினால் நான் எழுந்திருக்கும் முன்பே என் வீட்டு வாசல் படியிலிருந்து அதைத் தள்ளிவிட்டுப் போயிருப்பாள். அப்படிப்பட்டவள்தான் ஜனவரி பிறந்துவிட்டால் மனுஷியாக இருக்கமாட்டாள்.

ஜனவரி இருபத்தொன்பது எங்கள் கான்சஸ் மாநிலத்தின் பிறந்த நாள். பிள்ளைகள் அந்தக் காலத்தில் இங்கே முதலில் குடியேறியவர்கள் போல நீளப் பாவாடையும் தொப்பியும் போட்டு வருவார்கள். பாட்டிலில் க்ரீமை ஊற்றி வட்டமாக உட்கார்ந்து, வெண்ணெய் திரளும் வரை குலுக்குவார்கள். மதியம் பீன்ஸ் போட்ட காரமான கறிக்குழம்பும், கூடவே சீனிப்பாகு வழியும் பட்டை ரொட்டிச் சுருளும் கிடைக்கும். எல்லாப் பள்ளியிலும் இதுதான். ட்வைலாவின் மூன்றாம் வகுப்பில் மட்டும் கூடுதலாக ஒரு சட்டம் உண்டு. மாநிலத்துக்குள் பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் காகிதத்தில் மாநிலப் பூவான சூரியகாந்தி. அதைக் குத்திக்கொண்டு முன்வரிசையில் நிற்கலாம், கொடி பிடிக்கலாம். வெளியே பிறந்த பிள்ளைக்கு ஒரு காய்ந்த கோதுமைக் கதிர். அது பின்வரிசைக்கு.

இருபத்துநான்கு வருஷமாக இந்தக் கூத்து நடக்கிறது. யார் எங்கே பிறந்தார்கள் என்று பார்த்துச் சொல்லவேண்டியது ஆபீஸ் குமாஸ்தாவான நான். எனக்கு வேறு வேலையே இல்லை பாருங்கள்.

இந்த வருஷமும் வந்தாள். என் மேஜை மேல் காபியை வைத்து, வளையம் வளையமாகக் கறையாக்கிவிட்டு, "லோரின், லிஸ்டை எடு" என்றாள்.

எடுத்தேன். படித்தேன். மறுபடி படித்தேன்.

"பத்தொன்பது பேர்ல மூணு பேருக்குத்தான் மஞ்சப்பூ" என்றேன்.

"விளையாடாதடி."

"நான் எதுக்கு விளையாடணும்? நம்ம ஊர் ஆஸ்பத்திரில பிரசவ வார்டை மூடி ஒன்பதரை வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் இந்த ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் எங்க போய்ப் பெத்தாங்க? எல்லையைத் தாண்டி ஒக்லஹோமாவுலதான். நாப்பது நிமிஷ ரோடு. உன் கிளாஸ் பூரா ஒக்லஹோமாக்காரங்க, போ."

அவள் முகம் அப்போது போன போக்கைப் பார்த்திருக்கவேண்டும். அந்த மூன்று பேரும் யார் தெரியுமா? ஒருத்தி சிமேனா. அவள் அப்பா அம்மா கோழி ஆலையில் வேலைக்காக குவாத்தமாலாவிலிருந்து இந்த மாநிலத்து விச்சிடா நகரில் வந்து இறங்கிய நாலாம் வாரம் பிறந்தவள். இன்னொருவன், எல்லைக்கு இரண்டு மைல் முன்னால் ஆம்புலன்ஸுக்குள்ளேயே அவசரப்பட்டு வந்துவிட்டவன். மூன்றாமவன் வார்டை மூடிய வாரத்தில் பிறந்தவன். ஒரு வருஷம் தோற்று அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்திருப்பதால் பட்டியலுக்குள் வந்தான்.

"சட்டம் சட்டம்தான்" என்று சொல்லிவிட்டு ட்வைலா எழுந்து போனாள். பதினாறு கோதுமைக் கதிரையும் கட்டிவிட்டாள்.

விஷயம் ஊருக்குள் போக ஒரு ராத்திரி போதுமே. மறுநாள் காலை மணி அடிக்கும் முன் ஹார்லன் நைட்டெங்கேல் வந்து நின்றார். பூட்ஸ் சேறெல்லாம் என் ஆபீஸ் தரையில். ட்வைலாவும் அங்கேதான் இருந்தாள். ஐந்து தலைமுறையாகக் கோதுமை போடுகிற குடும்பம்.

"டீச்சர், என் மவன் கைல கதிரைக் குடுத்துப் பின்னால நிறுத்தப்போறீங்களாமே? அந்தக் கதிரு வெளையிறதே எங்க நெலத்துலதான். எங்க பாட்டனுக்குப் பாட்டன் உழுத மண்ணு. எம்புள்ள வெளியூர்க்காரனா?"

"பொறந்த இடம்னு ஒண்ணு இருக்குல்ல, ஹார்லன்?"

"ஆஸ்பத்திரி வார்ட மூடினது அவனா? அவன் பொறந்து மறுநாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துட்டான். அங்க இருந்தது மொத்தம் முப்பது மணி நேரம். நான் மாடு வாங்கப் போனாக்கூட அதுக்கு மேல இருந்திருக்கேன்!"

அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் வந்தார்கள். ஹெட்மாஸ்டர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனில் பேசுவதுபோல நடித்தார். சாயங்காலம் ட்வைலா ஒரு கட்டு மஞ்சள் காகிதத்தோடு வந்து என் மேஜையிலேயே உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தாள்.

"எல்லாருக்கும் மஞ்சள்தான். இங்க வளர்ந்தா போதும். நான் யோசிச்சுப் பார்த்தேன், அதுதான் நியாயம்" என்றாள், ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருபத்திரண்டு வருஷமாக உள்ளே போட்டு அமுக்கியது வெளியே வந்துவிட்டது.

"இப்ப வந்ததா நியாயம்? என் பொண்ணு ஜெனலுக்கு ஏன் வரல?"

"ஜெனலுக்கு என்ன?"

"அவங்கப்பன் எண்ணெய்க் கிணத்துல வேலை பார்த்தப்ப டெக்சஸ்ல பொறந்தா. ஆறு மாசக் குழந்தையா இங்க வந்தவ. உன் கிளாஸ்ல அவளுக்குக் கதிரைக் குடுத்துப் பின்னால நிறுத்தின. நான் வந்து கெஞ்சினேன். சட்டம் சட்டம்தான்னு சொன்ன. அன்னைக்கு வீட்டுக்கு வந்து, 'அம்மா, நான் இந்த ஊர் இல்லையாமே'ன்னா. இப்ப அந்த டெக்சஸ்லயே போய் உக்காந்திருக்கா. ஊருக்கு வாடின்னா, அது உங்க ஊரும்மாங்கிறா."

ட்வைலா கத்தரிக்கோலை வைத்தாள். "எனக்கு ஞாபகமே இல்லையே, லோரின்."

திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். ஞாபகமே இல்லையாம்! கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் விழா நடந்தது. எந்த வருஷம் நடக்காமல் இருந்தது? பத்தொன்பது மஞ்சள் பூவும் ஒரே வரிசையில் நின்று பாடின. ஆம்புலன்ஸ் பையன் பாட்டில் மூடியை இறுக்காமல் குலுக்கியதில் என் ஸ்வெட்டர் முழுக்க க்ரீம். சிமேனா கொடி பிடித்தாள். ஹார்லன் கேமராவை நீட்டி எல்லாரையும் மறைத்தார். நான் ட்வைலா பக்கம் திரும்பவே இல்லை.

ரொட்டிச் சுருள் தட்டோடு அவளே ஆபீசுக்கு வந்தாள். தலையில் இன்னும் அந்தப் பழங்காலத்துத் தொப்பி. மேஜை மேல் ஒரு குரூப் போட்டோவை வைத்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"பழைய பெட்டியெல்லாம் கிளறி எடுத்தேன். பின்வரிசையில இந்த ஓரத்துல ஒரு நெத்தி மட்டும் தெரியுது. இதுதானே உன் பொண்ணு?"

பார்த்தேன். நெற்றியும், நான் குத்திவிட்ட சிவப்பு க்ளிப்பும். "இதுதான்."

அவள் மேலங்கிப் பையிலிருந்து இருபதாவது பூவை எடுத்து போட்டோ மேல் வைத்தாள். பசை இன்னும் காயவில்லை. மன்னிப்பு கேட்கத் தெரியாதவள், கேட்கவும் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள், நான் ஏதாவது சொல்வேன் என்று.

"அவளுக்கு முப்பது வயசு, ட்வைலா. காகிதப் பூவை வச்சு என்ன பண்ணுவா?" என்றேன்.

அவள் போன பிறகு, எரிச்சல் தீராமல், ஜெனலுக்குப் போன் போட்டேன். உன் டீச்சர் அடித்த கூத்தைக் கேள் என்றுதான் ஆரம்பித்தேன். வார்டு, ஹார்லன், போட்டோ என்று எல்லாவற்றையும் கொட்டி முடித்தேன்.

"அம்மா" என்றாள். "அது மஞ்சள்தானே?"

"மஞ்சள்தான்."

"மடிக்காம அனுப்பு."