ஒரு நாள் மெட்ராஸும் ஒரு பெண் பார்த்தலும்

மெட்ராஸைச் சுற்றிக் காட்டுவதே தொழிலாக இருந்த வருஷங்களில் நான் மெட்ராஸைப் பார்த்ததில்லை. பஸ்ஸின் முன்படியில் நின்று, பின்னால் திரும்பி, ஏறியவர்கள் எல்லாரும் இருக்கிறார்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சோடாக் கடையின் பாதி இடத்தில் என் ஆபீஸ் இருந்தது. அறுவடை முடிந்த மாதங்களில் வாடகைக்கு ஒரு பஸ் பிடிப்பேன். அரியலூரில் கிளம்பி, பெரம்பலூரில் மீதிப் பேரை ஏற்றிக்கொண்டு போய், ஒரு பகல் முழுக்க மெட்ராஸைக் காட்டி, வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டு, மறுநாள் காலையில் கொண்டுவந்து இறக்கிவிட வேண்டும். உறவினர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய்வந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஒருவருக்கு வாந்தி. ஒருவருக்குச் செருப்பு அறுந்துவிட்டது. ஒருவர் டீ குடிக்க இறங்கினார், இறங்கியவர் இறங்கியவர்தான். ஒரு பஸ் நிறைய அப்படிப்பட்டவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதெல்லாம் எனக்குப் பழகிப்போயிருந்த சமயத்தில் ரெங்கசாமி வந்தார்.

வாசலில் கிடக்கும் செருப்புகள்

ரெங்கசாமி குரும்பலூரில் சின்ன வெங்காயம் வாங்கி விற்பவர். பெஞ்சில் உட்கார்ந்து, சோடாக்கடைக்காரர் உள்ளே போகும்வரை பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார். மகள் மங்கையர்க்கரசியை மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டார்கள், ஒன்றும் அமையவில்லை. லட்சணமான பெண், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். ஆனால் காபித் தட்டைக் கீழே வைத்ததும் மாப்பிள்ளையைக் கேள்வி கேட்கிறாள். ஒருவரிடம் வேலை பெர்மனெண்டா என்று கேட்டாள். இன்னொருவரிடம், உங்கள் வீட்டில் தண்ணீர் யார் எடுப்பார்கள் என்று கேட்டாள். ஒவ்வொரு தடவையும் வாசலில் செருப்புகள் குவிவதைத் தெரு பார்த்துக்கொண்டிருந்தது. இனி ஒரு தடவை குவிந்து கலைந்தால் பெண்ணின் பேர் கெட்டுவிடும் என்று அவர் பயந்தார்.

அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தார். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை செய்யும் தனபால் என்ற பையன், அவனுடைய அக்கா, அக்காவின் சின்னப் பெண், மூவரும் அரியலூரில் என் பஸ்ஸில் ஏறுவார்கள். ரெங்கசாமியும் மகளும் பெரம்பலூரில் ஏறுவார்கள். வெளிக்கு யாரும் யாருக்கும் தெரிந்தவர்கள் இல்லை. பெண்ணுக்கே விஷயம் தெரியாது. தெரியாவிட்டால் கேள்வி கேட்க மாட்டாள். அவளுடைய அம்மா வந்தால் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று அவரை விட்டுவிட்டு வருகிறார்கள். இரண்டு குடும்பமும் தற்செயலாகப் பார்த்துக்கொள்ளும்படி நான் ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

"புடிச்சா நல்லது. புடிக்கலைன்னா அவங்களும் மெட்ராஸ் பாத்துட்டு வந்ததா இருக்கட்டும், நாங்களும் மெட்ராஸ் பாத்துட்டு வந்ததா இருக்கட்டும், தம்பி" என்றார்.

இதுவா

சீட் போடுவதற்கு அந்தத் தடவை யோசித்ததுபோல் நான் எதற்கும் யோசித்ததில்லை. பக்கத்தில் உட்கார வைத்தால் சந்தேகம் வரும். தூரத்தில் வைத்தால் வந்த காரியம் ஆகாது. கடைசியில் அக்காவை முன்னால் சன்னலோரம் வைத்தேன். தனபாலை இரண்டு வரிசை பின்னால். பெண்ணை எதிர்ப்பக்கம்.

அக்கா ரகசியம் காப்பதற்குப் பிறந்தவர் அல்ல. பெரம்பலூரில் ஆட்கள் ஏற ஏற, சேலை கட்டிய ஒவ்வொருவரையும் பார்த்து என் சட்டையைப் பிடித்து இழுத்து "இதுவா?" என்றார். இடுப்பில் குழந்தையோடு ஏறியவளைப் பார்த்தும் "இதுவா?" என்றார். மங்கையர்க்கரசி பட்டுப் புடவையில் ஏறியபோது நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்கா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மூன்று வரிசைக்குக் கேட்கிற ரகசியக் குரலில் சொன்னார்:

"ஒசரந்தான். நம்ம தம்பி கூனாம நின்னா சரியாப் போயிரும்."

விமானம் பார்த்தவன்

எங்கள் பயணத்தில் முதலில் மீனம்பாக்கம். வேலியோரம் நின்று ஒரு விமானமாவது ஏறுவதைப் பார்த்தால்தான் எங்கள் ஊர்க்காரர்கள் நகர்வார்கள். அன்று அக்கா மங்கையர்க்கரசியைப் பார்த்தார். ரெங்கசாமி அக்காவின் முகத்தைப் பார்த்தார். நான் ரெங்கசாமியைப் பார்த்தேன். விமானத்தைப் பார்த்தவன் தனபால் ஒருவன்தான். அக்காவின் சின்னப் பெண்ணைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, விமானம் மறைந்த பிறகும் அந்தத் திசையிலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லாரும் பஸ்ஸுக்குத் திரும்பும்போது மங்கையர்க்கரசி என் பக்கத்தில் வந்து, "பஸ்ல மெட்ராஸ் பாக்கப் போறதுக்கு எதுக்குண்ணே பட்டுப் பொடவ?" என்று கேட்டாள். வெயிலுக்குப் பட்டு நல்லது என்று ஏதோ உளறினேன். அவள் சிரிக்கவில்லை.

"நீங்க சொல்லாட்டி பரவால்லண்ணே. யாரு என்னையப் பாக்காத மாதிரி பாக்குறாங்கன்னு நானே கண்டுபுடிச்சுக்குறேன்" என்றாள்.

செத்த காலேஜ்

மியூசியத்தை அப்போது செத்த காலேஜ் என்பார்கள். அங்கே போய்ச் சேரும்வரை நான் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது என்பது அப்பாவுக்குத் தெரியாது. அப்பாவிடம் சொன்னால் அவர் கலங்குவார். சொல்லாவிட்டால் அவள் வாயைத் திறக்கும்போது என்னைத்தான் பார்ப்பார். பஸ்ஸில் வந்த மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது ஒன்றே ஆறுதல்.

திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டின் கீழே ஆட்களை நிறுத்தி, இது மீன் வகையைச் சேர்ந்ததல்ல என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பூலாம்பாடியிலிருந்து வந்திருந்த ஒரு டீச்சரம்மா, கண்ணாடி போட்டவர், மெதுவாக என் அருகில் வந்தார். திமிங்கிலத்தைப் பற்றித்தான் ஏதோ கேட்கப்போகிறார் என்று குனிந்தேன்.

"தம்பி, அந்தப் பையனக் கொஞ்சம் சன்னல் பக்கமா நிக்கச் சொல்லுங்க. இங்க இருட்டா இருக்கு, பொண்ணுக்கு மூஞ்சி தெரியல."

சாப்பாடு

யோசித்துப் பாருங்கள். வாசலில் செருப்பு குவிந்தால் ஒரு தெருவுக்குத்தான் தெரியும். என் பஸ்ஸிலோ குரும்பலூர், பூலாம்பாடி, அரியலூர், உடையார்பாளையம் என்று சுற்று வட்டாரமே ஏறியிருந்தது. இது முறிந்தால் செய்தியை ஊர் ஊராக இறக்கிவிடப்போகிறவனும் நானேதான். ரெங்கசாமிக்கும் அது புரிந்துவிட்டது. மியூசியத்தை விட்டு வெளியே வந்தபோது அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஓட்டலில் நான் இடம் பார்த்து உட்கார வைப்பதற்குள் பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் அவசரமாக உட்கார்ந்துவிட்டார்கள். பார்த்தால் ஒரே ஒரு மேஜை காலியாக இருந்தது. வேறு வழியில்லாமல் தனபால், அக்கா, குழந்தை ஒரு பக்கமும், ரெங்கசாமியும் மகளும் எதிர்ப்பக்கமும் உட்கார்ந்தார்கள். இலை போட்டு, சோறு வைத்து, சாம்பார் ஊற்றினார்கள். தனபால் பிசைந்துகொண்டே இருந்தான்.

"சாம்பார் புடிக்கலையா?" என்று மங்கையர்க்கரசி கேட்டாள். ரெங்கசாமியின் கை இலையிலேயே நின்றுவிட்டது. "தம்பிக்குக் காரம் ஆகாது" என்றார் அக்கா. "அவரு சொல்லட்டுங்களே" என்றாள் இவள். பக்கத்து மேஜைகளில் அப்பளம் உடைக்கிற சத்தம்கூட இல்லை. தனபால் முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"காரமெல்லாம் இல்லைங்க. எல்லாரும் பாக்குறாங்க, சோறு எறங்க மாட்டேங்குது."

அலைச் சத்தம்

கடற்கரையில் எனக்கு எப்போதும் ஒரே பயம்தான். முழங்காலுக்கு மேல் போகாதீர்கள் என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிடும். அன்று கத்திவிட்டுத் திரும்பினால் ரெங்கசாமி மணலில் தள்ளாடிக்கொண்டு ஓடிவருகிறார். மகளைக் காணோம். சுண்டல் விற்பவர்களை, ராட்டினத்தை, படகு நிழல்களையெல்லாம் தாண்டி இரண்டு பேரும் தேடினோம். அவர் கடல் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கும் கடலைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பஜ்ஜிக் கடைக்குப் பின்னால் தண்ணீர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள். தனபால் ஒரு பக்கம், மங்கையர்க்கரசி ஒரு பக்கம், நடுவில் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு அக்காவின் சின்னப் பெண், அலை வரும்போதெல்லாம் குதித்தபடி. அக்கா சற்றுத் தள்ளி உட்கார்ந்து, ஈர மணலில் காலைப் புதைத்துக்கொண்டு மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். ரெங்கசாமி கூப்பிட வாயெடுத்தார். "என்னா கேக்குறா அவ?" என்று மட்டும் முனகினார். அங்கே ஏற்கெனவே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த டீச்சரம்மா திரும்பாமலே பதில் சொன்னார்.

"அலச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலைங்க. ஆனா தம்பி நல்லா யோசிச்சு யோசிச்சுத்தான் பதில் சொல்லுது."

இறங்கும்போது

காலையில் பெரம்பலூரில் பஸ் நின்றது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள். இங்கே இறங்க வேண்டியவர்களும் இறங்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரெங்கசாமி அக்காவின் சீட் பக்கத்தில் நின்றார். இனிப் பேச வேண்டியது மாப்பிள்ளை வீட்டார். அவர்கள் பேசாமல் பெண் வீட்டுக்காரர் நகர முடியாது.

அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். ஒரு தடவை செருமினார். சொல்லப்போவது நல்லதா கெட்டதா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அப்ப நாங்க..." என்று ஆரம்பித்தார். அதற்குள் மங்கையர்க்கரசி கீழே இறங்கிவிட்டிருந்தாள். சன்னலுக்கு வெளியே நின்று, குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டு, அக்காவைப் பார்த்து மரியாதையாகக் கைகூப்பினாள்.

"அப்பாவோட பேசிட்டு, நாங்களே சொல்லியனுப்புறோங்க, அக்கா."

ஞாயிற்றுக்கிழமைகளில்

கல்யாணம் ஆவணியில் நடந்தது. அதற்கு முந்தைய மாதங்களைத்தான் நான் மறக்கவில்லை. ரெங்கசாமி கவலையில்லாமல் வெங்காயம் எடைபோட்டுக்கொண்டிருந்தார். மகள் யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார், கொஞ்சம் பெருமையாகக்கூட. தனபால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அரியலூரிலிருந்து பஸ் ஏறி வந்து சோடாக் கடையில் நிற்பான். ஒரு பன்னீர் சோடா வாங்கிக் குடிப்பான். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்த பிறகும் போகமாட்டான். அடுத்த பயணம் எப்போது என்று கேட்பான், மெட்ராஸில் வெயில் எப்படி என்று கேட்பான். நான் கடைசியில் பேச்சை நிறுத்தியதும், ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பான்:

"ஏதாச்சும் சொல்லியனுப்புனாங்களாண்ணே?"

மெட்ராஸுக்கு ஏற்றிக்கொண்டு போன கவலை எதையும் அங்கே இறக்கிவிட்டு வர என்னால் முடிந்ததில்லை. அதிகபட்சம், அது சீட் மாறி உட்கார்ந்து ஊர் திரும்பும்.