பூஜ்யம் மறந்தவர்கள் அழைத்த வீடு

தொலைபேசி அலுவலகத்தில் அவளை எல்லோரும் நம்பரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தத் தெருவுக்கு எந்த எண் என்று பங்கிட்டுக் கொடுப்பது அவளுடைய வேலை. ஓர் எண்ணை வெளியே விடும் முன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். "என்னை மறந்தாலும் மறப்பா, நம்பரை மறக்க மாட்டா" என்பான் அவள் கணவன்.

யாராவது கேட்டுவிட்டால் போதும், சலிக்காமல் விளக்குவாள். எண் என்பது ஒரு விலாசம். முதலில் பூஜ்யம் போட்டால் ஊர் எல்லையைத் தாண்டுகிறோம் என்று அர்த்தம். அடுத்த மூன்று இலக்கங்கள் ஊரைச் சொல்லும், மிச்சம் வீட்டைச் சொல்லும். ஒன்றில் தொடங்குபவை போலீஸ், தீயணைப்பு போன்ற அவசரங்களுக்கு. அதனால்தான் எந்த வீட்டு எண்ணும் பூஜ்யத்திலோ ஒன்றிலோ தொடங்குவதில்லை.

ஊர்க்கோடியில் புதுக் குடியிருப்பு வந்தபோது எண்களுக்குத் தட்டுப்பாடு. 537 என்று தொடங்கும் எண்கள் வெகுநாளாகச் சும்மா கிடந்தன. தொலைவில் ஒரு சின்ன ஊருக்கும் 537தான் குறியீடு. ஆனால் அந்த ஊருக்குப் பேச முன்னால் பூஜ்யம் போட்டாக வேண்டும். காகிதத்தில் ஒன்றோடொன்று முட்டவில்லை. அவற்றைப் புதுக் குடியிருப்புக்குக் கொடுத்தாள். அதில் ஒன்று, 5373310, அங்கே வீட்டிலேயே தையல் வேலை பார்க்கும் அவளுடைய நாத்தனாருக்குப் போயிற்று.

சில மாதம் கழித்து ஒருநாள் நாத்தனார் அலுவலகத்துக்கே போன் செய்தாள்.

"அண்ணி, நீங்க எனக்குக் கொடுத்தது போனா, ஆஸ்பத்திரியா?"

"என்னம்மா ஆச்சு?"

"ஆளாளுக்கு டாக்டரைக் கேக்கறாங்க. இப்ப ஒருத்தர், ஆபரேஷன் முடிஞ்சுதான்னு கேட்டாரு. நான் கையை வெட்டிட்டு இருக்கேன்னேன். சட்டைக் கையைச் சொன்னேன், அண்ணி! மனுஷன் அலறிட்டாரு."

"ராங் நம்பரா இருக்கும். வெச்சுடு."

வைத்தால் மறுபடி அடித்தது. வாரம் முழுக்க அடித்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தைக்க வேண்டிய சீருடைத் துணி மூட்டை பிரிக்காமலே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை நம்பரம்மா நேரிலேயே போய் உட்கார்ந்தாள். அடுத்த மணி அடித்ததும் நாத்தனார் ரிசீவரை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"சிஸ்டர், என் சம்சாரம் கண்ணு முழிச்சுட்டாளாம்மா?" என்றது வயதான குரல்.

"ஐயா, நீங்க என்ன நம்பர் அடிச்சீங்க? ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

"ஆஸ்பத்திரிச் சீட்டுல இருக்கறதுதாம்மா. அஞ்சு மூணு ஏழு, மூணு மூணு ஒண்ணு சைபர், ரெண்டு அஞ்சு."

நம்பரம்மா விரல்விட்டு எண்ணினாள், ஒன்பது இலக்கம். அந்தச் சின்ன ஊரில் இப்போது பெரிய ஆஸ்பத்திரி வந்திருக்கிறது. அங்குள்ள எல்லா லைன்களும் 3310 என்றே தொடங்குகின்றன. சீட்டில் பூஜ்யத்தைப் போடாமல் விட்டிருக்கிறார்கள். பூஜ்யம் இல்லாததால் எக்ஸ்சேஞ்ச் இதை உள்ளூர் எண் என்று எடுத்துக்கொண்டு, ஏழு இலக்கம் வந்ததுமே மணி அடித்துவிடுகிறது. கடைசி இரண்டும் கணக்கிலேயே இல்லை. அந்த ஆஸ்பத்திரியின் எந்த லைனைத் தேடினாலும் வந்து சேருவது இந்தத் தையல் மிஷின் பக்கத்தில்தான்.

பெரியவருக்குப் பூஜ்யத்தை எங்கே போடுவது என்று நிதானமாகச் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தாள். நாத்தனாரிடம் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னாள்.

"கடுகு போன இடத்தை ஆராய்வீங்க, பூசணிக்காய் போன இடம் தெரியாது" என்றாள் நாத்தனார்.

"என் தப்புதான். நாளைக்கே உனக்கு வேற நம்பர் மாத்தித் தரேன்."

"அப்ப இந்த நம்பர்?"

"சும்மா கிடக்கும். கூப்பிட்டா, 'இந்த எண் உபயோகத்தில் இல்லை'ன்னு மெஷின் சொல்லும்."

மிஷினை மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது. "அந்தப் பெரியவருக்கா அப்படிச் சொல்லும்? பொண்டாட்டி கிடக்கிற ஆஸ்பத்திரியே இல்லைன்னு நினைச்சு இடிஞ்சு போயிடுவாரு. இவங்களுக்கு வழி சொல்ல ஒரு ஏற்பாடு பண்ணுங்க. அதுவரைக்கும் நான் நம்பரை விட மாட்டேன்."

"உன் தையல்?"

"கெடட்டும். அது துணிதானே?"

மறுநாள் நம்பரம்மா மேலதிகாரி முன் நின்றாள்.

"ஒரே ஒரு நம்பருக்குத் தனி அறிவிப்பா? நாளைக்கு ஊரே கேக்குமேம்மா" என்றார் அவர்.

"சார், அந்த நம்பரை அங்க விட்டது நான்தான்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி. சீட்டைத் திருத்தச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு நான் எழுதறேன். 537ல இனி புதுசா யாருக்கும் கொடுக்காதீங்க. ஆனா பேசறதுக்கெல்லாம் ஆள் வைக்க முடியாது. நீங்களே பேசிடுங்க."

அவளே பேசிப் பதிவு செய்தாள். நாத்தனாருக்குப் புது எண் வந்தது. அதிலிருந்து முதல் வேலையாகத் தன் பழைய எண்ணைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, அண்ணிக்குப் போன் செய்தாள்.

"கேட்டேன், அண்ணி. 'வணக்கம், மன்னிக்கவும், தாங்கள் அழைத்த எண்'ணுன்னு ஆலாபனை பண்றீங்க. மன்னிக்கவும்னு கேட்டதுமே பாதிப் பேருக்கு உயிர் போயிடும். மன்னிப்பெல்லாம் கடைசியில கேட்டுக்கலாம். எடுத்ததும் ஜீரோவைச் சொல்லுங்க. அழுதுட்டு இருக்கிறவங்களுக்கு ஒரு தடவை சொன்னா ஏறாது, ரெண்டு தடவை சொல்லுங்க."

நம்பரம்மா பதிவு அறைக்குத் திரும்பிப் போனாள். கதவைச் சாத்தித் தொண்டையைச் செருமிக்கொண்டு, எதிரே அந்தப் பெரியவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள்.

"ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்குது. முதல்ல ஜீரோ போடுங்க."