சேகர் வாங்கித் தந்த கேபிள்

சேகரும் நானும், வீட்டிலிருந்தே வானொலியில் பேச உரிமம் தரும் ஹாம் ரேடியோ தேர்வை ஒன்றாக எழுதியவர்கள். மொட்டைமாடி ஆன்டெனாவுக்கு அவன் வாங்கித் தந்த கேபிளைச் சோதிக்காமலே மாட்டினேன்.

அடுத்த வாரமே பருத்திப்பட்டு ஏரி நிரம்பி, தெருவில் இடுப்பளவு தண்ணீர். செல்போன்கள் வேலை செய்யவில்லை. கீழ்வீட்டு ஜமீலாக்காவுக்குப் பிரசவ வலி. படகு கேட்டு ரேடியோவில் ஒரு மணி நேரம் கூப்பிட்டேன், யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் நாலு பேர் அவரைக் கட்டிலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் கேபிளை அறுத்துப் பார்த்தேன். சிக்னல் கசியாமல் காக்கும் நெருக்கமான செம்பு வலை இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து அலுமினிய இழைகள்தான் இருந்தன. சேகரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"தெரியும் மாமே. நல்லது ஒண்ணுதான் கெடச்சுது, அத்த நான் போட்டுகினேன். நீ சும்மா பேசத்தானேன்னு வுட்டேன்" என்றான் சேகர்.

இப்போது கேபிளை மாற்றிவிட்டேன். ரேடியோவில் அவன் குரல் தெளிவாக வருகிறது. பதில் சொல்லத்தான் மனம் வரவில்லை.